கடைசி வரிசையில் இடம் இல்லை

ஏப்ரல் 7, திங்கள்

கரடி,

உன்னை இப்படிக் கூப்பிட்டு ரொம்ப நாள் ஆகிவிட்டது. நாலு பேர் இருந்தால் "என்னங்க", கதவைச் சாத்தினால் "கரடி". முதுகு முழுக்க முடி வைத்துக்கொண்டு வேறு என்ன பேர் எதிர்பார்த்தாய்? நாலு பேர் இருந்தால் நீங்க, யாரும் இல்லாவிட்டால் நீ. இப்போது யாரும் இல்லை. அதனால் நீதான்.

டயர் கடைக்காரன் உன் பேரில் டைரி அனுப்பியிருந்தான். ஆள் போனது அவனுக்குத் தெரியாது போலிருக்கிறது. எழுதாமல் கிடக்கிறதே என்று நான் எடுத்துக்கொண்டேன். ஆறாவது படித்த கையெழுத்து, சிரிக்காதே.

இன்றைக்கு கிளினிக்கில் ரத்தப் பரிசோதனை முடிவு சொன்னார்கள். எனக்கும் இனிப்பு நீர், ரத்தத்தில் சர்க்கரை ஏறிவிட்டது. அங்கே நர்ஸாக இருக்கிற மிஸ்ஸி நம்ம தமிழ்ப் பெண். சின்னப் பெண், ஆனால் வாய் பெரியது.

"ஆண்ட்டி, மாத்திரை மட்டும் பத்தாது. தெனமும் நடக்கணும். இல்லேன்னா அடுத்தது ஊசிதான். நீங்களே வயித்துல குத்திக்கணும்."

"டோபியில நாள் பூரா நின்னு துணி தேய்க்கிறேம்மா. அது பத்தாதா?"

"நிக்கிறது நடக்கிறதில்ல ஆண்ட்டி. லாம்பு போஸ்டுகூடத்தான் நிக்குது."

உன்னிடமும் நடக்கச் சொன்னார்கள். "லாரிதான் ஓடுதே, நான் வேற ஓடணுமா" என்றாய். உன் நெஞ்சு அந்த நகைச்சுவைக்குச் சிரிக்கவில்லை.

எனக்கு ஊசி என்றால் பயம் என்று உனக்குத் தெரியும். கையைப் பிடித்துக்கொள்ள நீ இருந்தாய், கண்ணை மூடிக்கொள்வேன். கண்ணை மூடிக்கொண்டு நானே எப்படிக் குத்திக்கொள்வது?

ஏப்ரல் 8, செவ்வாய்

நடக்கப் போகவில்லை. மழை.

மழை பெய்தது டோபி இருக்கும் பாச்சாங்கில். நான் நடக்க வேண்டியது வீடு இருக்கும் புக்கிட் காத்திலில். உன்னிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது. வெட்கம்தான்.

ஏப்ரல் 10, வியாழன்

சும்மா நடப்பது எப்படி என்று யோசித்துப் பார். நம் தாமான் குடியிருப்பில் ஒரு பொம்பளை நடக்கிறாள் என்றால் கடைக்குப் போகிறாள், பஸ்ஸுக்குப் போகிறாள், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடப் போகிறாள். ஒன்றும் இல்லாமல் கையை வீசிக்கொண்டு நடந்தால் வீட்டில் சண்டை என்று நினைப்பார்கள். என் வீட்டில் சண்டை போட ஆள் இல்லை என்பது ஊருக்கே தெரியும். அப்போது பைத்தியம் என்று நினைப்பார்கள்.

அதனால் சந்தைப் பையை எடுத்துக்கொண்டேன். உள்ளே ஒன்றும் இல்லை. கடை வரிசை வரைக்கும் போய், பெட்ரோல் ஸ்டேஷனைச் சுற்றி, திரும்பி வந்தேன். ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. செத்த வீடாக இருந்தாலும் சாப்பிடத்தானே வேண்டும், பாவம், வாங்கப் போகிறாள் என்று விட்டுவிட்டார்கள்.

என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப் பிறப்பு. நமக்கு இந்த வருஷம் ஒன்றும் கிடையாது. பக்கத்து வீட்டில் பாயச வாசனை. அதுவும் எனக்கு ஆகாது, இரண்டு விதத்தில்.

என் மூளையை மெச்சினேன் அல்லவா? கேள். மூலை வீட்டுத் தங்கையா அண்ணன் சனிக்கிழமை கேட்டை எட்டிப் பிடித்துக்கொண்டு, "கடைக்காம்மா? ஒரு ரொட்டி வாங்கிட்டு வந்துரேன்" என்றார். சரி, ரொட்டிதானே. நேற்று அவர் ரொட்டியும், அடுத்த வீட்டுக்கு உருளைக்கிழங்கும். இன்றைக்கு வருஷப் பிறப்பு வேறா, தேங்காய், வெல்லம், இன்னொரு தேங்காய். உடம்பை இளைக்க வைக்கப் போய் தாமானுக்கே கூலியாள் ஆகிவிட்டேன். தோள்பட்டை கழன்றுவிட்டது.

எதிர்வீட்டு உஷாராணி வாசல் கழுவிக்கொண்டே பார்த்தாள். ஃபேக்டரியில் சூப்பர்வைசர் வேலை பார்க்கிறவள், கண் சும்மா இருக்குமா?

"அக்கா, தெனம் கடைக்குப் போறீங்க. வீட்டுல நீங்க ஒரு ஆளு. யாருக்கு ஆக்கிப் போடுறீங்க?"

பையை இறக்கி வைத்தேன். உண்மையைச் சொல்லிவிட்டேன். கையிலிருந்த குழாயைக் கீழே போட்டுவிட்டு அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே.

"வாக்கிங்கா! அதுக்கு ஏங்க்கா தேங்கா தூக்குறீங்க?"

"சும்மா நடந்தா எல்லாரும் பாப்பாங்கடி."

"என்னக்கா இவ்ளோ மாலு, இவ்ளோ வெக்கம்? ஞாயித்துக்கெழம திடலுக்கு வாங்கலா. செனாம்ரோபிக் இருக்கு. எல்லாரும் ஒண்ணா ஆட்டுனா யாரு யாரைப் பாக்குறது?"

திடலில் ஒலிபெருக்கி வைத்து, பாட்டுப் போட்டு, மலாய்க்காரர் சீனர் நம்மவர் எல்லாரும் வரிசையாக நின்று கை காலை ஆட்டுவார்களே, அதுதான். நீ லாரியை நிறுத்தி வேடிக்கை பார்த்திருக்கிறாய்.

பாட்டு. அதுதான் இடிக்கிறது. உனக்கு இன்னும் வருஷம் திரும்பவில்லை.

ஏப்ரல் 26, சனி

தேவமலர் சிரம்பானிலிருந்து தபாலில் பேன்ட் அனுப்பியிருக்கிறாள். உஷாராணி அவளிடம் போன் பேசிவிட்டாள் என்று தெரிகிறது. நம் பெண் அம்மாவுக்குக் கறுப்பில் வாங்கியிருக்கிறாள், துக்கத்துக்குத் துக்கமாகவும் ஆச்சு என்று.

வாழ்நாளில் இன்றுதான் பேன்ட் போட்டேன். கைலியும் கவுனும் சேலையும் எவ்வளவு நல்லவை என்று இன்றைக்குத்தான் புரிந்தது. எனக்குக் கால் இரண்டு என்பது இனி ஊருக்கே தெரிந்துவிடும். திரும்பி நின்று கண்ணாடியில் பின்பக்கம் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. இதையா இத்தனை வருஷம் பின்னால் சுமந்துகொண்டு திரிந்தேன்? நீயும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மரியாதையா, இல்லை பயமா?

உன் நீளச் சட்டை ஒன்றை மேலே போட்டேன். கொஞ்சம் மூடியது.

ஏப்ரல் 27, ஞாயிறு

போனேன்.

சொல்லித்தரும் மலாய்ப் பெண் காக் நோர். தலையில் தூடோங் முக்காடு, காலில் வெள்ளைச் சப்பாத்து, என் வயதுதான் இருக்கும். ரப்பர் மாதிரி வளைகிறாள். நாங்கள் எல்லாரும் கடைசி வரிசைக்குப் போனோம். எல்லாரும் என்றால், எல்லாரும். எவளுக்கும் தன் பின்னால் இன்னொருத்தி நிற்பது பிடிக்கவில்லை. நான் பின்னால் போய் நின்றேன். ஒரு சீன ஆண்ட்டி எனக்குப் பின்னால் போய் நின்றாள். நான் அவளுக்குப் பின்னால் போனேன். பாட்டு ஒன்று முடிவதற்குள் மொத்தக் கூட்டமும் திடலின் பாதியைத் தாண்டிப் பின்னால் வந்துவிட்டது. காக் நோர் அங்கே மேடையில் தனியாக, எறும்பு மாதிரி தெரிகிறாள்.

"டெப்பான்! டெப்பான்!" என்று மைக்கில் கத்துகிறாள், முன்னே வாருங்கள் என்று. யார் போவது? கடைசியில் உஷாராணியின் ஒரு கால் திடலோர லோங்காங் சாக்கடையில் இறங்கிவிட்டது. நல்லவேளை தண்ணீர் இல்லை.

"இதுக்கு மேல பின்னாடி போனா ரோட்டுலதான்க்கா ஆடணும்" என்றாள்.

எல்லாம் சரிதான் கரடி. ஆனால் மூன்றாவது பாட்டில் என் கால் தானாகத் தாளம் போட்டது. நான் சொல்லாமலே. எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. தலைக்கு வெள்ளை கட்டி அழுதவள், வருஷம் முடியுமுன் மலாய்ப் பாட்டுக்குக் கால் ஆட்டுகிறாள்.

ஏப்ரல் 28, திங்கள்

எல்லா இடமும் வலி. கக்கூஸில் உட்கார்ந்துவிட்டு எழுந்திருக்க முடியாமல் வாளியைப் பிடித்தேன். வாளி என்னோடு வந்துவிட்டது.

மே 4, ஞாயிறு

ஒரு வழி கண்டுபிடித்தேன். பாட்டுக் கேட்பதுதானே துக்கத்துக்கு ஆகாது? உடம்பை ஆட்டுவது மருந்து, டாக்டர் சொன்னது. அதனால் இரண்டு காதிலும் பஞ்சு வைத்துக்கொண்டு போனேன். நன்றாக, உருட்டித் திணித்து. முன்னால் நிற்பவளின் காலைப் பார்த்து ஆட்டினால் போதும்.

லோங்காங் ஓரமாக, கடைசி வரிசை. எனக்குப் பின்னால் யாரும் இல்லை. ஒலிபெருக்கி தூரத்தில் கொசு மாதிரி. நிம்மதியாக இடது வலது போட்டுக்கொண்டிருந்தேன்.

திடீரென்று மொத்த ஊரும் திரும்பி என்னைப் பார்த்தது.

பொய் இல்லை. திடலில் நின்ற அத்தனை முகமும். எனக்குக் கை மேலே போனது மேலேயே நின்றுவிட்டது. தெரிந்துவிட்டது, புருஷன் செத்தவள் ஆடுகிறாள் என்று யாரோ மைக்கில் சொல்லிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். பேன்ட் கிழிந்துவிட்டதோ என்றும் தோன்றியது. கையை இறக்கித் தடவிப் பார்த்தேன். எல்லாரும் பார்க்க.

பின்னால் யாரோ தோளைத் தட்டினார்கள். காக் நோர். வெயில் கண்ணில் அடிக்கிறது என்று அவள் மேடையை விட்டு இறங்கி, எனக்குப் பின்னால், லோங்காங் பக்கம் வந்து நின்றுகொண்டு, "பூசிங்!" என்று எல்லாரையும் திரும்பச் சொல்லியிருக்கிறாள். பஞ்சு வைத்த செவிடிக்கு எப்படிக் கேட்கும்?

திரும்பினேன். அவ்வளவுதான், கடைசி வரிசை முதல் வரிசையாகிவிட்டது. எனக்கு முன்னால் காக் நோர் மட்டும். அவள் எங்களைப் பார்த்து நின்றதால் எனக்கு இடம் வலம் புரியவில்லை. வலது போக வேண்டிய இடத்தில் இடது போனேன். எனக்குப் பின்னால் இருந்தவர்கள் என்னைப் பார்த்து இடது போனார்கள். அந்தப் பக்கம் இருந்தவர்கள் காக் நோரைப் பார்த்து வலது வந்தார்கள். நடுவில் உஷாராணியும் சீன ஆண்ட்டியும் தலையோடு தலை முட்டிக்கொண்டார்கள். திடலே சிரித்தது.

நானும் சிரித்தேன். வாய்விட்டு. இடுப்பைப் பிடித்துக்கொண்டு. நீ போனதற்குப் பிறகு இந்தச் சத்தம் என்னிடமிருந்து வரவில்லை. பஞ்சு வைத்திருந்ததால் என் சிரிப்பு என் தலைக்குள்ளேயே பெரிதாகக் கேட்டது.

"ஏன் எம் பின்னாடியே வந்தீங்க?" என்று பிறகு சீன ஆண்ட்டியிடம் கேட்டேன், மலாயில். அவளுக்கு அடி தெரியாதாம். "உன் கால மட்டும்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றாள். உஷாராணியும் அப்படியே. ஒருத்தியும் என் பின்பக்கத்தைப் பார்க்கவில்லையாம்! அவரவருக்கு அவரவர் காலே பெரிய கவலை.

மே 6, செவ்வாய்

தாமான் செயற்குழு அதைப் படம் பிடித்து ஃபேஸ்புக்கில் போட்டிருக்கிறது. அங்கிருந்து யாரோ வாட்ஸ்அப். அங்கிருந்து கோலா சுங்கை பாரு, உன் அக்கா வீடு. மத்தியானம் டோபிக்கே போன் போட்டுவிட்டாள்.

"ஏண்டி விஜயா, என் தம்பி செத்து வருசம் திரும்பல. கால்ல குழாய் மாட்டிக்கிட்டு நடுத் திடல்ல ஆடுறியாமே."

"ஆட்டம் இல்லண்ணி, எக்ஸர்சைஸு. டாக்டர் சொல்லி..."

"டாக்டர் பல்லைக் காட்டச் சொன்னாரா? சிரிக்கிற! நான் பாத்தேன். சின்னக் கொழந்தை வரைக்கும் பாத்துட்டாங்க. அவன் சட்டைய வேற போட்டுக்கிட்டு."

இஸ்திரிப் பெட்டியைத் துணி மேல் வைத்தபடி நின்றுவிட்டேன். ஒரு வெள்ளைச் சட்டை கருகியது. முதலாளி தவுக்கே ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

மே 11, ஞாயிறு

போகல. துணி துவைச்சேன். பாட்டுச் சத்தம் இங்க வரைக்கும் கேக்குது. சன்னல் சாத்துனேன், அப்பவும் கேக்குது. உஷாராணி வந்து கேட்டைத் தட்டுனா, தலைவலின்னு சொல்லிட்டேன்.

நான் சிரிச்சது தப்பா கரடி? உன்னை மறந்துட்டுச் சிரிச்சனா? ஒரு நிமிசம்... ஒரு நிமிசம் மறந்தேன்தான். அதைத்தான் அவ படத்துல பாத்துட்டாளா? வெளிய தெரியுதா அது? நடக்கவும் போகல, கடைக்கும் போகல. ரோட்டுல இறங்குனா எல்லார் கையிலயும் போனு. எல்லார் போன்லயும் நான்.

மே 18, ஞாயிறு

போகவில்லை.

மே 29, வியாழன்

கிளினிக். முன்னைவிட ஏறியிருக்கிறது. டாக்டர் பேசும்போது மேசையில் ஒரு ஊசியைப் பேனா மாதிரி எடுத்துக் காட்டினார். அடுத்த தடவை இறங்காவிட்டால் இதுதானாம். மிஸ்ஸி இந்தத் தடவை கிண்டல் செய்யவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "வீட்ல யாராச்சும் இருக்காங்களா ஆண்ட்டி, குத்தி விட?" என்றாள். அவள் கிண்டல் செய்யாததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். வருஷம் முடிகிற வரைக்கும் வீட்டில் உட்கார்ந்தால் ஊர் மெச்சும். மெச்சிய ஊர் காலையில் வந்து எனக்கு ஊசி போடுமா?

ஜூன் 1, ஞாயிறு

போனேன். பஞ்சு வைக்கவில்லை. காது கேட்டால்தான் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரிகிறது.

முதலில் ஒருவர் முகத்தையும் பார்க்க முடியவில்லை. கை முழங்கைக்கு மேல் தூக்கவே வரவில்லை. காக் நோர் தண்ணீர் குடிக்கும் நேரத்தில் பக்கத்தில் வந்தாள். உஷாராணி எல்லாம் சொல்லிவிட்டாளாம்.

அவள் புருஷனும் போய்விட்டார், போன வருஷத்துக்கு முந்தின வருஷம். அவர்கள் முறைப்படி நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருந்தாளாம். பிறகு சப்பாத்தைத் தேடினாளாம்.

"உங்களுக்கு எவ்வளவு நாள்?" என்றாள்.

"ஒரு வருஷம்."

"லாமாஞா!" என்று வாயில் கை வைத்தாள். அவ்வளவு நாளா! பிறகு தோளைக் குலுக்கி, "சரி, நீ துக்கமாகவே ஆடு. ஆனால் காலை நன்றாகத் தூக்கு" என்றாள்.

துக்கமாகவே தூக்கினேன். இரண்டு பாட்டுக்கு அப்புறம் எது துக்கம் எது மூச்சு வாங்கல் என்று தெரியவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

லோங்காங் ஓரத்தை இன்றைக்கு ஒரு புதுப் பெண்ணுக்கு விட்டுக்கொடுத்தேன். பாவம், துண்டால் இடுப்பைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தாள்.

ஜூலை 12, சனி

உன் வருஷத் திவசம் நல்லபடியாக முடிந்தது. கோழி, முட்டை, கருவாடு, உனக்குப் பிடித்த கறுப்புக் காப்பி, எல்லாம் படைத்தோம். சர்க்கரை தூக்கலாகத்தான் போட்டேன். உனக்கு இனி என்ன.

உன் அக்கா நேற்றே வந்துவிட்டாள். என்னோடு நேராகப் பேச்சு இல்லை. தேவமலர் வழியாகத்தான். நான் பக்கத்தில் நிற்கிறேன், "மலரு, உங்கம்மாகிட்ட வாழையில எங்கன்னு கேளு" என்கிறாள். மலர் என்னைப் பார்த்து, "அம்மா, வாழையில எங்க?" என்கிறாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு. எல்லாம் நீ படத்திலிருந்து பார்த்திருப்பாய்.

படையலுக்கு முன்னால் மூத்தவள் என்று அவளைத்தான் தரையில் உட்கார வைத்தார்கள். உட்கார்ந்துவிட்டாள். விழுந்து கும்பிட்டாள். பிறகு எழுந்திருக்க முடியவில்லை. ஒரு கையை ஊன்றுகிறாள், வரவில்லை. மறு கையை ஊன்றுகிறாள், வரவில்லை. சொந்தக்காரர் எல்லாம் சூடத் தட்டுக்காகச் சுற்றி நின்று பார்க்கிறார்கள். இரண்டு ஆண்பிள்ளைகள் தூக்க வந்தார்கள். அவள் முகத்தை அப்போது பார்த்தேன், கரடி. திடல் முழுக்கத் திரும்பிப் பார்த்தபோது என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

"இருங்கப்பா, நானும் இன்னொரு தடவ விழுந்து கும்பிட்டுக்கிறேன்" என்று சொல்லி அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். குனியும்போது காதில் சொன்னேன். "அண்ணி, பக்கவாட்டுல திரும்புங்க. முட்டி போடுங்க. ஒரு கால முன்னாடி வச்சு, தொடையில கைய ஊனி... எங்கூடவே." காக் நோர் சொல்லித் தந்தது. இரண்டு பேரும் சேர்ந்தே எழுந்தோம். இரண்டு பொம்பளைகள் உருகிக் கும்பிட்டார்கள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். மூலையில் ஒரு கிழவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகும் என்னோடு பேசவில்லை. ஆனால் சாப்பிடும்போது கோழித் தொடையை என் இலையில் வைத்தாள்.

ஜூலை 13, ஞாயிறு

காலையில் ஒலிபெருக்கி தொடங்கிவிட்டது. மலர் தூங்குகிறாள். உன் அக்கா கூடத்தில் காப்பி குடித்துக்கொண்டு இருக்கிறாள். போவதா வேண்டாமா என்று நான் வெங்காயத்தை உரித்ததையே உரித்துக்கொண்டிருந்தேன்.

"காது கேக்கலையா? பாட்டுப் போட்டுட்டான்" என்றாள். நேராக, என்னிடம்.

நான் எழுந்தேன். அறைக்குள் போய்ப் பேன்ட் மாட்டிக்கொண்டு வந்தேன். மேலும் கீழும் பார்த்தாள்.

"நேத்து எந்திரிக்கச் சொல்லிக் குடுத்தியே, அதுவும் அங்கதான் சொல்லித் தராங்களா?"

"ஆமாண்ணி."

"எனக்கும் கிளினிக்குல நடக்கச் சொல்லி ரெண்டு வருசம் ஆச்சுடி" என்று காப்பிக் கோப்பையைப் பார்த்துச் சொன்னாள். "கம்பத்துல ஊர் சனம் பாப்பாங்க."

ஜூலை 31, வியாழன்

இறங்கியிருக்கிறது! ஊசி இல்லை. அதே மாத்திரை. "லாம்பு போஸ்டு நடக்க ஆரம்பிச்சிருச்சு போல" என்றாள் மிஸ்ஸி. கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கோலா சுங்கை பாருவில் இருந்து எழுதுகிறேன். இன்றைக்குத் திடலுக்கு லீவு போட்டுவிட்டு உன் அக்காவைக் கடற்கரைக்கு நடத்திக் கூட்டிப்போனேன். படகுகள் மீனோடு வந்துகொண்டிருந்தன. நல்ல கூட்டம். அதைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். சேலையை இழுத்து இழுத்து மூடினாள். பிறகு ஒரு நிபந்தனை போட்டாள்.

"நீ எம் பக்கத்துல வராத. பின்னாடியே ஒட்டிக்கிட்டு வா. எம் பின்பக்கத்த ஒருத்தனும் பாக்கக் கூடாது."

"அப்ப எம் பின்பக்கத்த?"

"அதத்தான் ஊரே பாத்துருச்சே."

சரி என்று அவளுக்குத் திரை மாதிரிப் பின்னாலேயே நடந்தேன். மீன்காரர்கள் மீனைத்தான் பார்த்தார்கள்.

கொஞ்ச தூரம் போனதும் அவளுக்குக் கூச்சம் விட்டுப்போய் நடை வந்துவிட்டது. அப்போதுதான் பார்த்தேன். இடது கையை மட்டும் வீசுகிறாள். நன்றாக, முன்னும் பின்னும். வலது கை உடம்போடு ஒட்டிக்கொண்டு அசையாமல் வருகிறது, அக்குளில் எதையோ இடுக்கிய மாதிரி. நான் மணலில் அப்படியே நின்றுவிட்டேன். லாரியை விட்டு இறங்கி வாசலுக்கு வருவாயே, அந்த நடை. அச்சு அசல்.

"அண்ணி, கை வீசுறீங்களே, இது யாரு மாதிரி?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"எப்படி வீசுறேன்?" என்றாள். உடனே இரண்டு கையும் மரக்கட்டை ஆகிவிட்டது. முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். யாராவது பார்த்தார்களா என்று திரும்பினாள். "ஒண்ணும் இல்லண்ணி, நல்லாத்தான் நடக்கிறீங்க" என்று சமாளித்தேன். மூச்சுச் சத்தம்கூடக் கேட்காமல் பின்னால் போனேன். அவள் மறக்கட்டும் என்று காத்திருந்தேன். படகுத்துறை தாண்டியதும் மறந்துவிட்டாள். முந்தானை நழுவியது. இடது கை மெதுவாக வீச ஆரம்பித்தது.

திரும்பி வரும் வரைக்கும் நான் கடலையும் பார்க்கவில்லை, மனிதரையும் பார்க்கவில்லை.

உன் அப்பாவையும் அம்மாவையும் நான் பார்த்ததே இல்லை. நான் வாக்கப்பட்டு வரும் முன்பே இரண்டு பேரும் போய்விட்டார்கள். இனி உன் அக்காவிடம் கேட்கவும் முடியாது, கேட்டால் கை நின்றுவிடும். நீ சொல்லு கரடி, இந்த ஒற்றைக் கை வீச்சு உங்களுக்கு அப்பாவிடமிருந்து வந்ததா, அம்மாவிடமிருந்தா?